ழவுக்குப் பல் வேண்டாம்

வாரத்தில் மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் என்று பேர்தான். எதிரே இருப்பது ஆறு கறுப்புக் கட்டங்கள். ஒன்றும் கேமராவைப் போடாது, வாயையும் திறக்காது. அதில் ஒரு கட்டத்தின் பெயர் ‘அம்மா போன்’. ஏழு வயதுப் பெண். அம்மாவின் போனில் வருவதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வகுப்பு தொடங்கி இரண்டு மாதமாகிறது. அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

இந்த வகுப்புகளை ஏற்பாடு செய்யும் அமைப்பாளர் போன வாரம் பட்டென்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை வகுப்பில் அவரும் உட்காருவாராம். பிள்ளைகள் இப்படியே ஊமையாக இருந்தால் பதிவு செய்த வீடியோவைப் போட்டுவிட்டு என்னை நிறுத்திவிடுவாராம். பதினெட்டு வருஷம் டீச்சராகத் தொண்டை கிழியக் கத்தினவளுக்குப் பதில் ஒரு வீடியோ.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் அடுத்த அறையிலிருந்து வகுப்பைக் கேட்கிறவர். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், “நீயே வாயைப் பொத்திக்கிட்டு நடத்தினா அதுங்க எப்படித் திறக்கும்?” என்றார்.

சுருக்கென்றது. ஆனால் உண்மை. என் முன்பல் உடைந்து, மேலே போட்ட கேப் ஆடிக்கொண்டிருந்தது. எங்கே விழுந்து தொலையுமோ என்று உதட்டைப் பிரிக்காமல்தான் பேசிக்கொண்டிருந்தேன். உச்சரிப்பு வகுப்பு வேறு.

சனிக்கிழமை ல, ள, ழ. ஆனது ஆகட்டும் என்று மேஜை விளக்கை முகத்துக்குத் திருப்பினேன். கேமராவுக்கு அருகில் போய் வாயை நன்றாகத் திறந்து, ல சொல்லும்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் எங்கே தொடுகிறது என்று அழுத்திக் காட்டினேன். கேப் ‘டக்’கென்று கழன்று கீபோர்டில் விழுந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அமைப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை போனது போலத்தான் என்று நினைத்தேன்.

“டீச்சர், அலாதீங்க. எனக்கும் ரெண்டு பல்லு விலுந்துடுச்சு.”

விரலிடுக்கால் பார்த்தேன். ‘அம்மா போன்’ கட்டத்தில் ஒரு முகம். மேல்வரிசையில் நடுவே இரண்டு பல் இல்லை. கேமராவைப் போடு போடு என்று அதட்டினேனே தவிர, ஏன் போடவில்லை என்று ஒருநாள் கேட்டிருப்பேனா? என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கையை எடுத்தேன். என் ஓட்டையை அவள் பார்த்தாள், அவள் ஓட்டையை நான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பல் இல்லாமல் ழ வருமா என்று கேட்டாள்.

“ழவுக்குப் பல்லே வேணாம்டா. நாக்கை மேல வளைச்சா போதும். எதையும் தொடக்கூடாது.”

வளைத்துக் காட்டினேன். பொக்கை வாய் டீச்சரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? மற்ற ஐந்து கேமராக்களும் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. ஆறு வாயும் திறந்து ஒரே கூச்சல். ‘வீடியோ வேண்டாம், நீங்களே நடத்துங்கள்’ என்று அமைப்பாளர் சாட்டில் எழுதியிருந்ததை வகுப்பு முடிகிற நேரத்தில்தான் கவனித்தேன்.

‘அம்மா போன்’ மட்டும் போகாமல் இருந்தாள். முதலில் என்னிடம் சொன்னதை இப்போது சொல்லச் சொன்னேன். நாக்கை வளைத்து, கொஞ்சம் யோசித்து, நிதானமாகச் சொன்னாள்.

“அழாதீங்க டீச்சர்.”

அதுவரை நான் அழவே இல்லை. அப்புறம்தான் கைக்குட்டையைத் தேட வேண்டியதாயிற்று.