றாஹிலாவின் நெஞ்சில் கேட்ட வாங்கு

1978ஆம் ஆண்டு நவம்பர் இருபத்துநான்காம் திகதி, சூறாவளிக்கு அடுத்த நாள் விடிய, கடற்கரைப் பள்ளிவாசல் மோதினார் மீராசாவின் வாங்கு அவருடைய மனைவி றாஹிலாவின் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. அவள் வாய் மூடியிருந்தது. கூரை போன குசினியில் நனைந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தவள், தொழுகைக்கு அழைக்கும் அந்தக் குரல் வழக்கம்போல மதிலுக்கு அப்பாலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மதிலும் விழுந்துகிடக்கிறது என்பதைக் கண்டாள்.

மீராசா முதல் நாள் மாலை மஃரிபு வாங்கு சொல்ல மினாராவில் ஏறியவர். கல்முனைக்குத் தெற்கே அந்தக் கடலோரத்தில் அப்போது ஒலிபெருக்கி இல்லாத பள்ளி அது ஒன்றுதான். அவருடைய குரலுக்கு அது தேவைப்படவுமில்லை. அவர் பாதி வாங்கில் இருக்கும்போது காற்று மினாராவின் மேல்தட்டை, ஒரு செங்கல்லும் உதிராமல், அவரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. எட்டுப் பேர் பார்த்தார்கள். நான்கு பேர் அது கடல் பக்கம் போனது என்றார்கள், நான்கு பேர் வயல் பக்கம் போனது என்றார்கள். இரண்டுக்கும் சாட்சி கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் அவருடைய இடது செருப்பு சவளக்கடையில் ஒரு வயல் வரம்பில் கிடந்தது. தலைப்பாகைத் துணி தெற்கே வினாயகபுரத்து மீனவர் ஒருவரின் வலையில் வந்தது. அந்த மனிதர் அதை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மடித்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஆளை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

றாஹிலாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. இருபது வருடம் பள்ளி மதிலுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தும் அவள் அந்தப் பள்ளிக்குள் ஒரு நாளும் போனதில்லை. பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. அல்லாஹ் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், தன் புருஷன் நாளுக்கு ஐந்து முறை அவனிடம் போய்வருகிறார், வரும்போது அவருடைய சட்டையில் ஊதுபத்தி வாசம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்த மார்க்கம். அவருடைய சாரனைத் துவைத்துக் கொடுப்பது தன் பங்கு என்று எண்ணியிருந்தாள். அந்தக் குரல் இப்போது தன் விலா எலும்புகளுக்கு உள்ளேயிருந்து, சுபஹ், லுஹர், அசர், மஃரிபு, இஷா என்று ஒரு வேளையும் தவறாமல் கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். ஈரத் துவாயை நெஞ்சில் இறுக்கிக் கட்டினாள். தலையணையை அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். குரல் நான்கு வீடு தள்ளியும் கேட்டது.

லெவ்வை ஓதி ஊதிய தண்ணீரை ஏழு நாள் குடித்தாள். குரல் இன்னும் தெளிவானது. பக்கத்து வீட்டுப் பாத்தும்மா அவளைக் கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தபோது லுஹருக்கு நேரமாகியிருந்தது. அவர் கடைசி வரை கேட்டார், குழாயை எடுத்தார், தன் கைக்கடிகாரத்தை நான்கு நிமிடம் முன்னே திருகி வைத்தார். நோய் ஒன்றும் இல்லை என்றார்.

வெட்கம் போன பிறகு அவளுக்கு ஆசை வந்தது. குரல் எழும்பும் நேரத்தில் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அதன் அதிர்வைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நாள் அசருக்கு, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து கேட்டாள்: “எங்க இரிக்கீங்க?” குரல் அல்லாஹ் மிகப் பெரியவன் என்றது. “குளிருதா?” என்று கேட்டாள். குரல் அல்லாஹ்வைத் தவிர வேறு நாயனில்லை என்று சாட்சி சொன்னது. அது அழைக்கும், பதில் சொல்லாது. அன்றைக்குத்தான் அவர் மவுத்தாகிவிட்டார் என்று அவளுக்கு விளங்கியது.

விளங்கியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவருக்கு, இறந்தவர்களுக்கான ஜனாசாத் தொழுகை நடக்கவேண்டும், தான் இத்தா இருக்கவேண்டும். புருஷன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருப்பாள். ஊர்ப் பெண்கள் வந்து பக்கத்தில் இருப்பார்கள். அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. மையித்து என்று ஓர் உடலும் இல்லாமல் தொழுகையும் இல்லாமல் றாஹிலாவின் வீட்டுக்கு யாரும் வரவில்லை. “என்னத்தச் சொல்லித்து வாற புள்ள?” என்றாள் பாத்தும்மா. “மவுத்து வீடெண்டு வந்தா உள்ளுக்க மனிசன் வாங்கு சொல்லுறார்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்புக்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

பள்ளி நிர்வாகத்தின் தலைவர் அச்சிமுகம்மது மரைக்கார் மூன்று கூட்டம் வைத்துப் பேசினார். முடிவைச் சொல்ல அவரே வந்தார்.

“குரல் இரிக்கிற ஆளுக்கு எப்பிடி ஜனாசா தொழுற?” என்றார். “உசிர் இருந்தாத்தானே குரல் வரும்.”

“அப்ப இது அவர்ர வாங்குதானே காக்கா? பள்ளிக்கு ஆக்கள் இதக் கேட்டு வரலாமே.”

“அதெப்பிடி? பொம்புளட நெஞ்சால வாறத்த வாங்கெண்டு எடுக்கேலா.”

“அப்ப ரெண்டும் இல்லையா?”

“ரெண்டும் இல்ல,” என்றார் மரைக்கார். “நாலு வரிசம் பொறு. கிதாபுல அப்பிடித்தான் கிடக்காம்.”

நான்கு வருடம் போனது. பள்ளிக்குப் புது மினாரா கட்டினார்கள், ஒலிபெருக்கி பூட்டினார்கள், ஜவுபர் என்ற புதிய மோதினார் வந்தார். ஜவுபர் நல்ல மனிதர். மதிலுக்கு அப்பால் அந்தக் குரல் முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் தன் வாங்கைத் தொடங்குவார். கேட்டால் மைக் சூடாகவேண்டும் என்பார். றாஹிலா பாய் பின்னினாள், கோழி வளர்த்தாள், நிறச் சேலையே உடுத்தினாள். வெள்ளை உடுத்தால் புருஷனைச் சாகச் சொல்கிறாள் என்பார்கள். தெருவில் ஆண்கள் அவளுக்கு ஸலாம் சொல்வதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தெரியாமல் சைக்கிளை விட்டு இறங்கி டயரைப் பார்ப்பார்கள். கலியாண வீட்டில் அவளைப் புருஷனுள்ள பெண்களின் வரிசையிலும் இருத்தவில்லை, விதவைகளின் வரிசையிலும் இருத்தவில்லை. சோற்றை எல்லோருக்கும் முன்பே அவளுக்குத் தந்து அனுப்பிவிடுவார்கள். அழுகை வந்தால் இஷா வாங்கு வரை அடக்கி வைத்து, அந்தக் குரலின் கீழே மறைத்து அழுதாள்.

1982 நவம்பரில் அவள் மீண்டும் மரைக்கார் வீட்டு வாசலில் போய் நின்றாள். நான்கு வருடம் முடிந்துவிட்டது என்றாள். மரைக்காருக்கு அதற்குள் பல் பாதி விழுந்திருந்தது. நிர்வாகம் இன்னும் யோசிக்கவேண்டும் என்றார். அவள் போகாமல் நின்றாள். அவர் உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நானும் மீராசாவும் ஒண்டாக் குர்ஆன் ஓதப் போனவங்க, தங்கச்சி. உண்ட வேலிக்கு வெளியில ஒவ்வொரு சுபஹுக்கும் ஆரோ நிக்கிறதெண்டு பாத்தும்மா சொல்லிருப்பாளே.”

“ஓம். கள்ளன் எண்டு நினைச்சம்.”

“கள்ளன் இல்ல. நான்தான். தொழுதா அது ஓய்ஞ்சிரும் எண்டு எனக்குப் பயம். அத விட்டா எனக்கு வேறொண்டும் கேக்கிறல்ல புள்ள. பள்ளியில நிக்கிறன், குனியிறன், நிமிருறன். ஒண்டும் கேக்கிறல்ல.”

றாஹிலா வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். மரைக்காருக்கே ஒன்றும் கேட்காத இடத்திலிருந்து தனக்கு என்ன அனுமதி வரப்போகிறது என்று அவள் அந்த நடையில்தான் முதல் முறையாக யோசித்தாள். அந்த யோசனை அவளுக்கு ஆறுதலாக இல்லை.

இரண்டு மாதம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். 1983 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அசருக்குக் கொஞ்சம் முன்னர், கிணற்றில் குளித்து, வெள்ளை உடுத்து, முற்றத்தில் பாயை விரித்தாள். தொழும் திசையான கிப்லா மேற்கே இருந்ததால் கடல் அவள் முதுகுப் பக்கம் இருந்தது. அதுவரை அவள் ஒரு ஜனாசாவும் தொழுததில்லை. ஊர் மையித்துகளுக்கு ஆண்கள் தொழுவதை வேலி இடுக்கால் பார்த்திருக்கிறாள்: குனிவது இல்லை, நெற்றியை நிலத்தில் வைப்பது இல்லை, நின்றபடியே அல்லாஹு அக்பர் என்று நான்கு தக்பீர். முதல் தக்பீருக்குப் பிறகு பாத்திஹா ஓதினாள். இரண்டாவதுக்குப் பிறகு நபி மீது ஸலவாத்துச் சொன்னாள். மூன்றாவதுக்குப் பிறகு இறந்தவருக்காகக் கேட்கவேண்டிய அரபுத் துஆ அவளுக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த பேச்சிலேயே கேட்டாள்.

“யா அல்லாஹ், அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுறல்ல. மழைக்காலத்தில வேர்க்கொம்புக் கோப்பி இல்லாட்டி இருமுவார். அவர் கடலுக்க கிடந்தா தண்ணிய அவரிலிருந்து கொஞ்சம் விலக்கி வை. வயலுக்க கிடந்தா அவருக்கு மேல ஆரும் ஏர் பூட்டாமப் பாத்துக்கொள். என்னோட கோபிச்சா அதிகம் கதைக்கமாட்டார். உன்னோட எப்பிடியோ தெரியா. அவர மன்னிச்சிரு. நான் அவர விட்டுட்டன்.”

அந்த நேரம் அசர் ஆகி, அவள் நெஞ்சுக்குள் குரல் எழும்பியது. நான்கு வருடமாக அது முடியும்வரை அசையாமல் நின்றவள் இந்த முறை காத்திருக்கவில்லை. அதன் மேலேயே நான்காவது தக்பீரைச் சொன்னாள், வலப்புறமும் இடப்புறமும் ஸலாம் கொடுத்தாள். தொழுகையின் பக்கம் வாருங்கள் என்ற இடத்தில் குரல் நின்றது. ஜவுபர் மோதினார் மைக்கைப் பிடித்தபடி மீதிக்காக வெகுநேரம் காத்திருந்ததால் அன்றைக்கு அசர் தொழுகை பிந்தியது.

சற்று நேரத்தில் மரைக்கார் ஓடிவந்தார். றாஹிலா இத்தாவுக்குள் போய்விட்டபடியால் வேலிக்கு உட்புறம் நின்றுதான் பேசினாள்.

“என்ன செய்தாய்? எங்க அவன்?”

“தொழுதன், காக்கா.”

“ஆரக் கேட்டுத் தொழுதாய்? ஆர் உனக்கு ஓமெண்ட?”

மரைக்கார் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் பெரிய மனிதர் என்பதை மறந்து, குலுங்கி அழுதார். உள்ளே அவளும் அழுதாள். இரண்டாவது தடவை அவரைப் பறிகொடுத்தது அவளுக்கு முதலாவதைவிட வலித்தது, ஏனென்றால் இந்தத் தடவை அது காற்றின் வேலை அல்ல.

நிர்வாகம் அந்த இத்தாவை ஏற்கவில்லை. ஆகவே ஊர்ப் பெண்கள் வரவில்லை. பாத்தும்மா மட்டும் பின்வேலியைப் பிரித்துக்கொண்டு கறிச்சட்டியோடு வந்தாள். “மரைக்கார் கேட்டா கோழி தேடிப் போனனெண்டு சொல்லுவன்,” என்றாள். முதல் நாற்பது நாளும் ஐவேளையும் றாஹிலா கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். குரல் இருந்த இடம் காலியாக இருந்தது. ஆட்கள் குடியெழும்பிப் போன வீடு போல இருந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் அவள் அந்தக் காலியிடத்துக்குள்ளேயே போய் இருக்கப் பழகினாள். அதற்கு மதில் இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றவேண்டியதில்லை, பெண்கள் வரலாமா என்று கேட்க யாரும் இல்லை. நாற்பத்தோராம் நாளோ அதற்கடுத்த நாளோ, அங்கே தனக்கு முன்பே யாரோ இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. மீராசா அல்ல. பேசாத, அழைக்காத, அவள் வந்ததைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்த ஒன்று. அதை அவள் பாத்தும்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாத்தும்மா லெவ்வையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்திருப்பாள்.

இத்தா முடிந்த மறுநாள் லுஹருக்கு அவளுடைய முற்றத்தில் சத்தம் நின்றது. காகங்கள் வாயைத் திறந்து மூடின, ஒன்றும் கேட்கவில்லை. துலாவில் இருந்து வாளி கிணற்றில் விழுந்தது, தண்ணீர் தெறித்தது, சத்தம் இல்லை. கடல் இருந்த இடத்திலேயே ஊமையாகப் புரண்டது. ஒரு வாங்கு சொல்லி முடிக்கும் நேரம் வரை அப்படி இருந்துவிட்டு எல்லாம் பழையபடி கேட்டன. அசருக்கும் அப்படியே நடந்தது. அந்த வருடம் அது வேலி வரை எட்டியது. அடுத்த வருடம் பாத்தும்மாவின் குசினியையும் பள்ளி மதிலையும் தாண்டியது. கல்முனையில் ஒரு தமிழ்த் தையற்காரர் தன் மெஷின் நாளுக்கு ஐந்து முறை சத்தமில்லாமல் தைக்கிறது என்று அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். பழுது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். 1985இல் கலவரம் வந்து, ஊரடங்கு போட்டு, மின்சாரம் இல்லாமல் ஒலிபெருக்கிகள் கிடந்த நாட்களில், வீடுகளுக்குள் பதுங்கியிருந்தவர்கள் வெடிச்சத்தம் திடீரென்று கேட்காமல் போவதை வைத்து நேரத்தை அறிந்தார்கள். சிலர் அந்த இடைவெளியில் தொழுதார்கள். சிலர் தூங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் நல்லதே என்று றாஹிலா நினைத்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

1988இல் ஒரு வெள்ளிக்கிழமை அசருக்கு அச்சிமுகம்மது மரைக்கார் பேரன் ஒருவனின் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து இறங்கினார். ஐந்து வருடமாக அந்தப் பக்கம் வராதவர். றாஹிலா ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று மணலில் இருந்தார். நேரம் வந்து சத்தம் நின்றது. மரைக்கார் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் அவர் தலையைச் சரித்து எதையோ தேடிக் கேட்பவர் போல இருந்தார். பிறகு தேடுவதை விட்டார். தோள்கள் இறங்கின. கடல் மறுபடி கேட்கத் தொடங்கிய பிறகும் அவர் கண்ணைத் திறக்கச் சிறிது நேரம் எடுத்தது.

“மீராசா மவுத்தாகிட்டான், என்ன?” என்றார்.

“ஓம் காக்கா.”

“இன்னாலில்லாஹ்,” என்றார் மரைக்கார். பத்து வருடத்தில் அந்த ஊரில் மவுத்துக்குச் சொல்லும் அந்த வார்த்தையை மீராசாவுக்காகச் சொன்ன இரண்டாவது ஆள் அவர். “பெரிய கஸ்டம்தான் உனக்கு, தங்கச்சி. நாங்க வந்து இரிக்கல்ல.”

“இப்ப வந்துட்டீங்கதானே,” என்று றாஹிலா வேர்க்கொம்பு தட்டிக் கோப்பி போட உள்ளே போனாள்.

அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவள் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்கள். பிந்திய மவுத்து வீடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நிர்வாகம் அதைப் பற்றி முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. ஐவேளையும் அந்தத் தெருவால் போகிறவர்கள் சைக்கிள் மணி அடிப்பதில்லை, அடித்தாலும் கேட்காது.