எச்சரிக்கை தண்ணீரில் இறங்கிய கதை

மனிதன் தண்ணீரை வென்ற நாளில்தான் நாகரிகம் தொடங்கியது. கடலைத் தாண்டியவன் உலகை ஆண்டான். கரையில் நின்றவன் கைகட்டி நின்றான். இந்த மாபெரும் உண்மையை அறை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தவரின் முழங்கைக்குக் கீழே, இரண்டு வயதுக் குழந்தை தண்ணீரில் மிதக்கக் கையில் மாட்டும் காற்றுப் பட்டை ஒன்று சிக்கிக்கொண்டு கழல மாட்டேன் என்றது. ஆரஞ்சு நிறம். அதன் மேல் ஒரு வாத்து சிரித்துக்கொண்டிருந்தது.

“முதல்ல காத்தைப் பிடுங்கி விடுங்க. விரலெல்லாம் நீலமாகுது,” என்றாள் மனைவி.

“சோதிச்சுப் பாக்காம எதையும் குழந்தைக்குப் போடக் கூடாது. அது அடிப்படை விதி.”

“குழந்தைக்கு வாங்கினதை உங்க கையில மாட்டிப் பாக்கறதுக்குப் பேரு சோதனையா?”

அவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எச்சரிக்கை’. வாயைத் திறந்தாலே முதலில் வரும் சொல் அதுதான் என்பதால் வைத்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியபோது அதை ஒரு பட்டம் என்று எடுத்துக்கொண்டு, அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

ஆனால் அவர் அந்தப் பட்டையை வாங்கியது வாத்துக்காக அல்ல.

அவர்கள் இருந்தது அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் இடம். அதைத் தாண்டிக் கொஞ்சம் புல். புல்லைத் தாண்டி எல்லோருக்கும் பொதுவான நீச்சல் குளம். வீடு பார்க்க வந்த அன்று, “ஜன்னலைத் திறந்தா தண்ணி!” என்று சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமை அடித்தவர் எச்சரிக்கைதான். குளத்தைச் சுற்றி ஒரு வேலி உண்டு. அழகுக்காக வைத்தது. பூனை தாண்டும், வாண்டும் தாண்டும்.

வாண்டு என்பது மகள். இரண்டரை வயது. கால் முளைத்ததா, சக்கரம் முளைத்ததா என்று சந்தேகம் வரும்படி ஓடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மருந்தகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். வாண்டு எச்சரிக்கையின் பொறுப்பில் இருந்தாள். அவர் மறுநாள் தொழிற்சாலையில் பேச வேண்டிய உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். தலைப்பு: ‘இமைக்காத கவனம்’. பிள்ளை இருக்கும் வீட்டில் சத்தம் கேட்டால் சண்டை, சத்தம் கேட்காவிட்டால் சேதம். இரண்டாம் பத்தியில்தான் வீடு அமைதியாக இருப்பது அவருக்கு உறைத்தது.

பின்கதவு திறந்து கிடந்தது. ஓடினார். குளத்தின் நடுவில் ஒரு சின்னச் செருப்பு மிதந்தது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் பதித்திருந்த நீலக் கற்கள் தெரிந்தன. அங்கே யாரும் இல்லை என்பதும் தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்கு முன்னால் ஒரு கணம் இருந்ததே, அந்தக் கணத்தில் எச்சரிக்கை குதிக்கவில்லை. கத்தவும் இல்லை. கரையில் ஆணி அடித்தது போல நின்றார். காலை எடு என்று உயிர் கதறியது, கால் கேட்கவில்லை. சாய்வு நாற்காலிக்குப் பின்னாலிருந்து, இன்னொரு செருப்பையும் எறியத் தயாராக வாண்டு எட்டிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கால் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவர் எடுத்த முதல் நடவடிக்கை, தொழிற்சாலையிலிருந்து ஒரு மஞ்சள் பலகை கொண்டுவந்து பின்கதவில் மாட்டியது. ‘அபாயம்! ஆழமான நீர். அனுமதி இன்றி நுழையாதீர்.’ வாண்டின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று குனிந்து அளந்து மாட்டினார்.

பார்க்க வந்த மச்சான், மனைவியின் தம்பி, பலகை முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். “மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா வாண்டு இன்னும் ‘அ’னாவே ஆரம்பிக்கலயே?”

“படம் போட்டிருக்கில்ல?”

“மண்டை ஓட்டுப் படம். அதைப் பாத்து ‘மாமா’ன்னு கூப்பிட்டு முத்தம் குடுக்குறா. நல்லவேளை, ‘அப்பா’ன்னு கூப்பிடலன்னு நீங்க மனசைத் தேத்திக்கலாம்.”

மச்சான் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து கதவின் உச்சியில் அடித்துவிட்டுக் காபி குடித்துப் போனான். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று எச்சரிக்கை யோசித்தார். யோசிப்பது கஷ்டமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

“தாழ்ப்பாள் கதவுக்குத்தான். துணி எடுக்கப் போறப்ப கதவு திறந்துதானே இருக்கும்?” என்றாள் மனைவி. “ஒண்ணு, அவளுக்கு மிதக்க ஏதாவது வாங்கணும். இல்ல, நீச்சல் கத்துக் குடுக்கணும். இந்த வாரத்துக்குள்ள முடிவு பண்ணுங்க. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது.”

அவருக்கும்தான் வரவில்லை. கண்ணை மூடினால் செருப்பு மிதந்தது. தொழிற்சாலையில் பார்த்தவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். வளையம்தான் நல்லது என்றார் கிடங்குக்காரர். வளையத்துக்குள்ளிருந்து குழந்தை நழுவிவிடும், பட்டைதான் சரி என்றார் கணக்கர். “தூக்கித் தண்ணியில போடுங்க சார், தானா நீந்தும். எங்கப்பா அப்படித்தான் போட்டாரு,” என்றார் கலவை இயந்திரக்காரர். பிறகு அவரைக் காப்பாற்றியது யார் என்று விசாரித்ததில், பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தது.

கடைசியில் பட்டை, வளையம், மிதவைச் சட்டை மூன்றையும் வாங்கினார். பட்டையின் வரலாறு முன்பே சொன்னதுதான். வளையத்தை வாண்டு தலையில் மாட்டிக்கொண்டு அலைந்தாள். மிதவைச் சட்டைதான் வென்றது. நெஞ்சிலும் முதுகிலும் பஞ்சு போன்ற அட்டை, பின்னால் கொக்கி. குளத்தின் முதல் படியில் இவர் உட்கார்ந்து சட்டையின் வாரைப் பிடித்துக்கொள்ள, வாண்டு கார்க்கு போல மிதந்தாள். தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் ஊரைக் கூட்டுகிறவள், கையைக் காலை அடித்துச் சிரித்தாள்.

“முடிஞ்சுது பிரச்சினை,” என்று அறிவித்தார் எச்சரிக்கை. “சரியான சாதனம், சரியான பயன்பாடு!”

மறுநாள் சாயங்காலம் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியிலிருந்து ஒரு போர்வையை இழுத்து மடித்துத் திரும்புவதற்குள் வாண்டு புல்லைத் தாண்டியிருந்தாள். சட்டை இல்லை, பட்டை இல்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “மெதக்கப் போறேன்! மெதக்கப் போறேன்!” என்று பாடிக்கொண்டே போனாள். விளிம்பில் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது மனைவி கவுனைப் பிடித்து இழுத்தாள். இருவரும் புல்லில் விழுந்தார்கள்.

எச்சரிக்கை வேலையிலிருந்து திரும்பியபோது மனைவி மகளை மடியில் இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மிதவைச் சட்டை குப்பைக் கூடையில் கிடந்தது.

“தண்ணின்னா அவளுக்கு ஒரு பயம் இருந்துச்சு. அந்த ஒண்ணுதான் காவலா இருந்துச்சு. அதையும் கழட்டிட்டோம்,” என்றாள். “தண்ணி தன்னைத் தாங்கும்னு நெனச்சுட்டா அவ.”

அவர் சட்டை வந்த அட்டைப் பெட்டியை எடுத்துத் திருப்பினார். அடியில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: இது உயிர்காப்புச் சாதனம் அல்ல. இருபது வருஷமாக ஊரார் எல்லோரையும் நிறுத்தி வைத்து எச்சரிக்கை வாசகம் படிக்கச் சொன்னவர், தன் வீட்டுப் பெட்டியை அன்றுதான் படித்தார்.

ஆக, வகுப்பு. ஊரில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுடைய விதி ஒன்றே ஒன்று: மூன்று வயது ஆகாத குழந்தையோடு பெற்றவர் ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டும். வகுப்பு காலையில். மனைவி வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம்.

“நீங்க இருக்கீங்களே, அப்புறம் என்ன?” என்றாள் மனைவி. “நீங்கதான் ஆத்தையே கடந்தவராச்சே.”

கல்யாணத்துக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இளவயதில் வெள்ளம் புரண்ட ஆற்றை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்ததாக. பொய் என்று சொல்ல முடியாது. கடந்தார். பாலத்தின் வழியாக.

முதல் வகுப்பில் இடுப்பளவுத் தண்ணீர். ஏழெட்டு அம்மா அப்பாக்கள், ஏழெட்டுக் குழந்தைகள். எச்சரிக்கை வாண்டைத் தாங்கிப் பிடித்திருந்தாரா, தான் விழாமலிருக்க வாண்டைப் பிடித்திருந்தாரா என்பது பார்ப்பவருக்குப் புரியவில்லை.

“பெரியவங்க முதல்ல முகத்தைத் தண்ணியில வெச்சுக் குமிழி விடுங்க! குழந்தைங்க பாத்துச் செய்வாங்க!”

எல்லா முகங்களும் உள்ளே போயின. ஒன்று மட்டும் வெளியே இருந்தது.

“சார், நீங்க?”

“எனக்கு... லேசா ஜலதோஷம்.”

“ஜலதோஷத்துக்கு ஜலத்துல என்ன வேலை? வைங்க சார்.”

வைத்தார். மூக்கு நுனி நனைந்ததும் அந்தச் செருப்பு கண்ணுக்குள் வந்தது. விருட்டென்று நிமிர்ந்து, இருமி, வாண்டை நெஞ்சோடு நசுக்கினார். அவர் முகத்தைப் பார்த்த வாண்டு வீறிட்டு அலறினாள். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு நகத்தால் கீறினாள்.

பயிற்சியாளர் அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தட்டிக்கொடுத்ததும் வாண்டு அடங்கினாள். “குழந்தை தண்ணியைப் பாத்துப் பயப்படல சார்,” என்றாள் மெதுவாக. “உங்க மூஞ்சியைப் பாத்துதான் பயப்படுது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்ல ஒரு கதை ஜோடித்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்ததும் வாண்டு முந்திக்கொண்டாள்.

“அப்பா பயந்துட்டாங்க!”

மனைவி பையைக்கூட இறக்கி வைத்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். ஜோடித்த கதையைக் கைவிட்டார். பாலத்தைச் சொன்னார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

“அப்போ... அன்னிக்கு, செருப்பு மிதந்துச்சே.”

“ம்.”

“உள்ள இருக்காளோன்னுதானே நெனச்சீங்க?”

“ம்.”

“குதிச்சீங்களா?”

மேடை ஏறினால் இறங்காத வாய். அதற்கு இரண்டே சொல்தான் கிடைத்தது. “கால் வரல.”

மனைவி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். வாண்டு ஓடிப்போய் மடியில் ஏறினாள். அந்தச் சின்னப் பாதத்தைக் கையில் வைத்து அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று வாசலில் நின்றவருக்கு இருந்தது.

“நான் வேலை நேரத்தை மாத்திக் கேக்கறேன்,” என்றாள் கடைசியில். “எனக்கும் நீந்தத் தெரியாது. ஆனா மூஞ்சியை முக்குவேன். அவளோட நான் இறங்கறேன். நீங்களும் கத்துக்கணும்.”

“இந்த வயசுலயா?”

“அவ வயசுல கத்துக்காம விட்டது என் குத்தமா?”

“பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க...”

“அடுத்த தடவையும் செருப்பு மட்டும்தான் மிதக்கும்னு எனக்கு எழுதிக் குடுங்க. விட்டுடறேன்.”

அவர் மறுநாளே போய் விசாரித்தார்.

பெரியவர்கள் வகுப்பில் இடமில்லை. மழைக்காலம் முடிந்துதான் வரும் என்றாள் பயிற்சியாளர் அம்மா. அதுவரை காத்திருக்க முடியாது என்று எச்சரிக்கை கெஞ்சினார். அலுவலகத்தில் யாரும் கேட்டிராத குரல் அது. சனிக்கிழமை காலை ஒரு வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் கூச்சப்படக் கூடாது என்றாள். படமாட்டேன் என்றார்.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை, குளத்தின் மறுபக்கத்தில் பயிற்சியாளர் அம்மா வாண்டை விளிம்பில் உட்கார வைத்து லேசாகச் சாய்த்துவிட்டாள். வாண்டு உள்ளே போனாள். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் தன் வகுப்பில் நின்ற எச்சரிக்கை அதைப் பார்த்தார். ஆனால் இந்தத் தடவை, தன்னையறியாமல், கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு ஓரடி எடுத்து வைத்திருந்தார். அதற்குள் வாண்டு திரும்பி, சுவரைத் தடவி, விளிம்பைப் பற்றித் தலையைத் தூக்கித் தண்ணீரைத் துப்பினாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா அழுதுகொண்டே கைதட்டினாள்.

எச்சரிக்கைக்கும் கைதட்ட ஆசைதான். முடியவில்லை. அந்த வகுப்பில் அவருக்கு அடுத்தபடி மூத்த மாணவிக்கு வயது ஆறு. அவர் மூழ்கிவிடாதபடி அவள்தான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.