ஜன்னல் நடுவே ஒரு தூண்

எவாரிஸ்தோவின் வீடு என் காபிக்கடைக்கு நேர் எதிரே. கருங்கற்களை விசிறிபோல அடுக்கிய வாசல் வளைவு, அதன் மேல் காட்டுப்பன்றித் தலை செதுக்கிய குலச்சின்னம், அதற்கும் மேலே நடுவில் மெல்லிய பளிங்குத் தூண் நிற்கும் இரட்டை ஜன்னல். ஐந்நூறு வருஷத்துக்கு மேலான வீடு. ஒரு காலத்தில் கோபுரமும் இருந்ததாம். ஊர்ப் பிரபுக்கள் ஓயாமல் ஒருவர்மேல் ஒருவர் அம்பு விட்டுக்கொண்டிருந்ததால், எல்லாக் கோபுரங்களின் தலையையும் வெட்டச் சொல்லி அரசி ஆணையிட்டாள். வெட்டிய இடத்தில் இப்போது ஓட்டுக்கூரையும் நாரைக் கூடும்தான்.

அந்த வம்சத்தின் கடைசி வாரிசு எவாரிஸ்தோ. நிலபுலன் எல்லாம் தாத்தா காலத்திலேயே போய்விட்டது. அவருக்கு மிளகாய்ப்பொடி ஆலையில் எடை போடும் வேலை. சட்டைக் கைமடிப்பு எப்போதும் சிவந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தால் பேச்செல்லாம் வீட்டைப் பற்றித்தான். குதிரைக்காரன் நேரே பாய்ந்து வந்துவிடக் கூடாது என்றுதான் நுழைவழி முழங்கை போல மடங்குகிறதாம். மேலே வாளோடு ஒருவன் நின்றால் பத்துப் பேரைத் தடுக்கலாம் என்றுதான் மாடிப்படி ஓராள் அகலமாம். கீழ்த்தளம் குதிரைக்கும் எண்ணெய்ச் சாடிக்கும் கட்டியது, அதற்கு எதற்கு ஜன்னல் என்பார்.

அவர் மனைவி காசில்டா என்னோடு பள்ளியில் படித்தவள். வாய் சும்மா இருக்காது.

"பத்துப் பேரத் தடுத்தானாம். காய்கறிக் கூடையோட ஏறுறப்போ எனக்குத்தான் முட்டி பேந்துபோவுது. உன் முப்பாட்டன் ஒரு நாளாவது சந்தைக்குப் போயிருப்பானா?"

பக்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பியபோது எவாரிஸ்தோ அரண்டுபோனார். மனுமேல் மனு போட்டு, மாகாணத் தலைநகருக்கு நடையாய் நடந்து, தன் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் ஒன்றாகச் சேர்க்க வைத்தார். சேர்ந்த அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் அவர் செலவில் ஒயின்.

"இனி ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அவங்க கிட்டக் கேக்கணும். எவனும் தொட முடியாது!"

"நீயும்தான் தொட முடியாது," என்றாள் காசில்டா. எல்லோரும் சிரித்தோம்.

ஐம்பதைத் தாண்டியதும் காசில்டாவின் கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. நரம்பில் ஏதோ நோய், போன பலம் திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். முதலில் தடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். அப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கடைசியில் இறங்குவதே நின்றுபோனது.

கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல் திறந்து அவளுக்கு அறை அமைக்க எவாரிஸ்தோ அனுமதி கேட்டார். பழைய கட்டடங்களின் பாதுகாப்புக் குழு மறுத்தது. முற்றத்து மூலையில் சின்ன லிப்ட் வைக்கக் கேட்டார். இடத்தைப் பார்வையிட லெயாந்த்ரோ என்ற கட்டடக் கலைஞரைக் குழு அனுப்பியது. குரலை உயர்த்தத் தெரியாத, மரியாதையான மனிதர். எவாரிஸ்தோ என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த முற்றம் அன்னைக்கிலேருந்து இப்படியே இருக்கு. இதுக்குள்ள ஒரு கண்ணாடிக் கூண்ட நிறுத்துனா பாக்கவே சகிக்காது," என்றார் அவர்.

மேலே தாழ்வாரத்து நாற்காலியிலிருந்து காசில்டா குரல் கொடுத்தாள்: "பாக்கப்போறவ நான் ஒருத்திதான் சார். எனக்குச் சகிக்கும்!"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நீங்க வேற வீட்டுக்குப் போறதப் பத்தி யோசிச்சீங்களாம்மா?"

அதைத்தான் மகள் நியெவெஸும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். புதுக் குடியிருப்பில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் லிப்ட் உண்டு, வெயில் வரும் பால்கனி உண்டு. எவாரிஸ்தோ கேட்கவில்லை. பூட்டிப்போட்டால் ஒரே குளிர்காலத்தில் கூரை இறங்கிவிடும், இன்னொரு மனு போடுகிறேன், இந்தத் தடவை ஒத்துக்கொள்வார்கள் என்றார். மறுபடி மறுத்தார்கள்.

"அவன் எனக்காகக் கல்யாணம் பண்ணல ஹசிந்தா," என்றாள் காசில்டா ஒரு நாள். நான் அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். "வீட்டுக்கு ஒரு பொம்பள வேணும்னு பண்ணிக்கிட்டான்."

"அப்போ நீ கெளம்பி மக வீட்டுக்குப் போயேன்."

"தனியா விட்டா அவன் சாப்புட மாட்டான்டி."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் சீப்பை அழுத்திவிட்டேன். "மண்டையப் பேத்துராத, அது ஒண்ணுதான் வேலை செய்யுது," என்றாள்.

நியெவெஸின் கல்யாணத்தன்று இரண்டு மச்சான்மார் காசில்டாவை நாற்காலியோடு தூக்கினார்கள். படியின் திருப்பத்தில் முன்னால் பிடித்தவனுக்குக் கால் வழுக்கியது. பட்டுச்சால்வை, காதில் பவழத் தோடு, எல்லாவற்றோடும் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மகளுக்குத் தேவாலயத்தில் மணி அடித்தபோது தாய் எக்ஸ்ரே மேசையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவும் அந்த மாடிக்கேதான் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் தன்னைத் தூக்க அவள் விடவில்லை. இரட்டை ஜன்னலின் இடது பாதியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். புனித வார ஊர்வலம் கீழே போகும்போது பல்லக்கில் வரும் மாதாவின் முகம் அவள் முகத்துக்குச் சமமாக வரும். "அவளுக்காவது தூக்க நாப்பது பேரு இருக்கான்," என்று எனக்குக் கேட்கும்படி சொல்வாள்.

ஒரு பிப்ரவரியில் காசில்டாவுக்கு நிமோனியா வந்தது. கருங்கல் சுவர் குளிரை விடாமல் பிடித்துவைத்திருந்த மாதம். மத்தியானம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறப் பார்த்தார்கள். திருப்பத்தில் அது திரும்பவில்லை. இடுப்பு இறுகிப்போயிருந்ததால் அவளை உட்கார வைத்தும் இறக்க முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து ஜன்னலுக்கு ஏணியை நீட்டியது. ஆனால் நடுவில் தூண். எந்தப் பாதி வழியாகவும் படுத்த ஆள் வர வழியில்லை.

"இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். நான் கைவெச்சா என் வேலை போயிடும். அனுமதி வாங்குங்க," என்றார் தீயணைப்பு அதிகாரி.

எவாரிஸ்தோ போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம், ஆபீஸ் பூட்டியிருந்தது. அவர் போனை வைத்துவிட்டுக் கீழே போய், விறகு பிளக்கும் சம்மட்டியோடு வந்தார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன். முதல் அடி தூணில் படவில்லை, சுவரில் பட்டது. அடுத்த அடியில் தூண் உடைந்து தெருவில் விழுந்து சிதறியது. மேலே இருந்த செதுக்கு வேலைப்பாடும் கூடவே சரிந்தது.

காசில்டா கண்ணைத் திறந்தாள். "இப்பத்தான் ஒனக்குக் கை வந்துச்சா?" என்றாள்.

நான் அவளைப் பேசக் கேட்டது அதுதான் கடைசி. தெரு மொத்தமும் அண்ணாந்து பார்க்க, ஏணி வழியாக இறக்கிக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த கையோடு வழக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சேதப்படுத்திய குற்றம். லெயாந்த்ரோ சாட்சிக் கூண்டில் நின்று, அந்தத் தூணைப்போல் மாகாணத்தில் இன்னொன்று இல்லை என்றார். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை, நிஜமாகவே வருந்தினார். காசில்டா இறந்ததாகக் கேள்விப்பட்டபோது வெறுமனே தலையசைத்த மனிதர் அவர். பழையபடியே செய்து வைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. எவாரிஸ்தோவால் எங்கே முடியும்? வீடு ஒரு ஹோட்டல்காரர் கைக்குப் போனது. எவாரிஸ்தோ மகள் வீட்டுக்குப் போனார்.

ஹோட்டல்காரர் முற்றத்து மூலையில் லிப்ட் வைத்தார். கண்ணாடி லிப்ட்தான். கீழ்த்தளத்தில் இரண்டு ஜன்னல் திறந்து சாப்பாட்டுக் கூடம் போட்டார். குழு எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டது. திறப்பு விழாவில் லெயாந்த்ரோ, பழமையும் புதுமையும் கைகோத்து நிற்கும் அழகைப் பற்றி நீளமாகப் பேசினார். நான் கடைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒலிபெருக்கியைச் சாத்த முடியவில்லை.

ஜன்னலில் புதுத் தூணும் வந்தது. அதன் கீழே பித்தளைப் பலகை: 'நெப்போலியன் படைகளால் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.'

இதை நான்தான் எவாரிஸ்தோவுக்குச் சொன்னேன். மறுநாள் பஸ் பிடித்து வந்து நேரே ஹோட்டலுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தேன்.

"என்ன சொன்னான் மேனேஜர்?"

"ஒடைச்சது பிரெஞ்சுக்காரன் இல்ல, நான்தான்னு சொன்னேன். சின்னப் பையன். சிரிச்சான். 'ஐயா, வர்றவங்க அதப் பாத்து போட்டோ எடுக்கறாங்க. உங்க வீட்டம்மா செத்த கதைய அங்க மாட்டச் சொல்றீங்களா?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டுப் புதுப் பளிங்கு பளபளத்தது.

"தூண நல்லாத்தான் செஞ்சிருக்கான். அந்தப் பையன் சொல்றதும் சரிதான் ஹசிந்தா. வீட்டுக்கு அந்தக் கததான் எடுப்பா இருக்கு."

அவர் கோப்பையில் பாதிக் காபி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். அவர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.