நாற்பத்தொரு சுண்டுவிரல்கள்

1927ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, வில்பட்டிச் சபையார் நாற்பத்தொரு பேருக்கும் ஒரே நேரத்தில் வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. கொடைக்கானலிலிருந்து வந்த டாக்டர், குளிர்தான் காரணம் என்று தைலம் கொடுத்துவிட்டுப் போனார். உபதேசியார் நல்லசாமி ஆட்களை எண்ணிப் பார்த்தார். சபையில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். வராதவர் கல்தச்சர் வேலப்பன் மட்டும்தான்.

முந்தின வாரம்தான் வேலப்பனின் மனைவி அருளாயி காய்ச்சலில் இறந்திருந்தாள். அடைமழையில் பெட்டி தூக்க ஒருவரும் வரவில்லை. அவரும் உபதேசியாருமாகச் சேற்றில் இழுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். கூப்பிடப் போன உபதேசியாரிடம் வேலப்பன் வாசலிலேயே சொல்லிவிட்டார்: “ஏசுசாமி மேல எனக்குக் கோவம் இல்லைங்க. அவர வீட்லயே கும்பிட்டுக்கிறேன். சபையில எனக்கு என்ன சோலி?” மனைவியின் பெயரைக் கல்லில் கொத்தித் தலைமாட்டில் நட்டுவிட்டு, நாயுடுபுரத்துக்குக் குடிபோனார்.

அங்கே பங்களாக்களுக்குக் கல் கொத்திய ஏழு வருஷமும் காலையும் மாலையும் ஜெபம் தவறவில்லை. தனியாகவே பாடினார். ஆனால் நாற்பத்தொரு பேர் இழந்த உணர்ச்சியும் அவருடைய ஒரு சுண்டுவிரலில் வந்து சேர்ந்திருந்தது. வில்பட்டியில் ஒருத்தி கஞ்சியில் சூடு பார்த்தால் இவர் கையை உதறினார். யாரோ பூண்டு உரித்தால் இவருக்கு எரிந்தது. சபையில் லீலா என்ற பெண்ணுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாத ஒரு சின்னக் கை மூன்று நாள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் உளியைத் தொடவில்லை.

1934 ஐப்பசியில் ஒரு காலை, விரலில் ஈரக் கல் தட்டுப்பட்டது. யாரோ பாசியைச் சுரண்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் விரலை ஓட்டினார்கள். முதலில் அ. அடுத்து ரு, அதன் வாலில் உளி சறுக்கிய இடம். வேலப்பன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வில்பட்டிக்கு நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில், பூண்டு பயிரிடும் பொன்னுவேல் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் சுண்டுவிரலில் ரத்தம் கசிந்தது. வலி வேலப்பனுக்குத்தான்.

“நீ எதுக்கு இங்க வந்த?”

“வருசா வருசம் வேலி வரைக்கும் வருவேண்ணே. இந்த வருசந்தான் உள்ள வந்தேன். அன்னிக்கு ஓடையில தண்ணி இடுப்புக்கு மேல போச்சு. பயந்து வீட்லயே கெடந்துட்டேன். அப்புறம் ஒங்க மொகத்தப் பாக்க வெக்கமாப் போச்சு.”

“வந்து சொல்லியிருக்கலாமுல்ல?”

“நீங்களும் வந்து நாலு வார்த்த வைதிருக்கலாமுல்லண்ணே.”

வேலப்பன் துண்டின் ஓரத்தைக் கிழித்து அந்த விரலைக் கட்டினார். முடிச்சுப் போடும்போது பொன்னுவேல், “காந்துதுண்ணே,” என்றார்.

அந்த ஞாயிறு வேலப்பன் சபைக்குப் போனார். எல்லோரும் மன்னிப்புக் கேட்டுவிடவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாட்டு சுருதி சேரவில்லை. அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது, ஆனால் அவரவருக்கென்று தனியாகத் திரும்பவில்லை. ஒருவருக்கு முள் ஏறினால் நாற்பத்திரண்டு பேரும் கையை இழுத்தார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் வெள்ளனே ஐந்து வீட்டுக் கஞ்சி வந்தது. ஆரம்பத்தில் தொந்தரவாகத்தான் இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது.

1941இல் மாற்றலாகி வந்த புதுப் போதகர், தம் முதல் ஆராதனை முடிந்ததும், ஜெபத்தில் வாசிக்க வியாதிக்காரர் பட்டியல் கேட்டார்.

“அதெல்லாம் எழுதுறதில்லைங்கய்யா,” என்றாள் லீலா. “காலையில கதவு ஒங்க சுண்டுவெரல நசுக்குச்சே, இப்ப எப்பிடி இருக்கு?”