லுமேராவின் நான்கு மூக்குகள்

டொக்கு மாஸ்டருக்குத் தன் கையின் மேல் அசாத்திய நம்பிக்கை. அடிபட்டுச் சப்பிப்போன காரைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவியே, எங்கே மேடு, எங்கே டொக்கு என்று சொல்லிவிடுவார். அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

பல் டாக்டர் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். லுமேரா ஜிடி. அந்தக் கம்பெனிக்காரர்களின் புத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதலில் வந்த காருக்கு வெறும் ‘லுமேரா’ என்று பேர். தவளைக்கு இருப்பது மாதிரி இரண்டு உருண்டைக் கண், மெல்லிய வெள்ளி பம்பர், அவ்வளவுதான், அழகென்றால் அப்படி ஓர் அழகு. நாலு வருஷம் கழித்து அந்தக் கண்ணுக்குமேல் கண்ணாடி மூடியைப் போட்டு ‘லுமேரா எஸ்’ என்றார்கள். இன்னும் நாலு வருஷத்தில், பொத்தானை அழுத்தினால் மூக்குக்குள்ளிருந்து எழும்பி நிற்கும் விளக்கு, கறுப்பு ரப்பர் பம்பர், பேர் ‘ஜிடி’. அதற்கும் ஏழு வருஷம் கழித்து, தூங்கி வழிகிற கண்ணோடு பிளாஸ்டிக் மூஞ்சி ஒன்றை மாட்டி ‘நியோ’ என்றார்கள். அதோடு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மூடாமல் என்ன செய்வார்கள்!

“மாஸ்டர், எனக்கு முதல் லுமேராதான் வேணும். தேடாத இடமில்ல. நீங்க இதையே அதுவா ஆக்கித் தாங்க” என்றார் டாக்டர்.

மாடல் இறக்குவது என்று பட்டறைகளில் அதற்குப் பேர். மாஸ்டர் அதில் புலி.

“ஆக்கிருவோம் டாக்டர். நாலு மாடலுக்கும் அடிச்சட்டம் ஒண்ணுதானே. மேல இருக்கறதெல்லாம் சட்டை. கழட்டிட்டு வேற சட்டை மாட்ட வேண்டியதுதான்.”

கழற்றிய பாகத்தைக் கார் வெளியே போகும்வரை எறியக்கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். மாஸ்டர்தான் புலியாயிற்றே, சட்டமெல்லாம் எதற்கு? பட்டறையில் இடத்தை அடைக்கிறது என்று ஜிடி மூக்கை முதல் வாரமே கேஸ் கட்டரால் துண்டுதுண்டாக வெட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

ரப்பர் பம்பர் இருந்த இடத்தில் வெள்ளி பம்பரை முடுக்கிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனார். எட்டு வயது மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணாந்து சிரித்தாள். முன்வாய் பொக்கையாக இருந்தது.

“என்னடி இது? மண்வெட்டி மாதிரி ரெண்டு பல்லு இருந்துச்சே, எங்க?”

“விழுந்துதான் ஒரு மாசம் ஆச்சே. இனிமேதான் முளைக்கணும்” என்றாள் அவர் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. “பெத்த பொண்ணு மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கறீங்க போல.”

வேலை மும்முரத்தில் பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று மாஸ்டர் தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம், முதல் லுமேராவுக்கும் எஸ்ஸுக்கும் பொதுவான முன்பக்கத்தைத் தட்டி முடித்து, அளவு பார்க்க எஸ்ஸின் கண்ணாடி மூடியைப் பொருத்தினார். வீட்டுக்குப் போனால் கூடத்துச் சுவர் பளிச்சென்று இருந்தது. வாலு கலர் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்த யானையும் வீடும் இல்லை. வாலு தரையில் உட்கார்ந்து, நாலு வயதுக் குழந்தையாக, செருப்பைக் காலில் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டார். “இவ மூணாவது படிக்கிறாதானே?”

மனைவி அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அவள் எப்போதும் போடும் மூக்குக்கண்ணாடியையும் காணோம். “தின்னர் வாசனை மண்டைக்கு ஏறிடுச்சு உங்களுக்கு. ஜன்னலத் திறந்து வச்சு பெயின்ட் அடிங்கன்னா கேக்கறீங்களா?”

அண்டை அயலிலும் விசாரித்தார். எல்லோருக்கும் வாலு நாலு வயதுக் குழந்தைதான். காலண்டரில் தேதி மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஊரே ஒரு பேச்சு பேசும்போது தனி ஆள் என்ன செய்வார்? தின்னர்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு வேலை செய்தார். கண்ணாடி மூடியைக் கழற்றி உருண்டைக் கண்களை வைத்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

அன்று வீட்டில் தொட்டில் தொங்கியது. எட்டு மாதக் குழந்தை அதற்குள் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பம்பருக்கு ஒரு வயது, மூடிக்கு மூன்று, கண்ணுக்கு மூன்று சொச்சம். முதல் லுமேராவுக்கும் ஜிடிக்கும் நடுவே எட்டு வருஷம், வாலுவுக்கும் எட்டு. கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும்? காரில் இன்னும் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: பெயர்ப்பட்டை. ஜிடி என்பது போய் வெறும் லுமேரா என்று ஏறிவிட்டால், தொட்டிலில் யாரும் இருக்க மாட்டார்கள். தொட்டிலே இருக்காது. ஒரு மகள் இருந்தாள் என்று சொன்னால், தின்னர் என்பாள் மனைவி.

மறுநாள் காலையில் டாக்டர் வந்துவிட்டார். வெல்வெட் பெட்டிக்குள் அந்தப் பெயர்ப்பட்டை.

“எத்தனை வருஷமாத் தேடிப் புடிச்சேன் தெரியுமா! ரெண்டு ஸ்குரூதானே, நானே போட்டுக்கறேன். குடுங்க திருப்புளிய.”

“தொடாதீங்க!” என்று கத்தியே விட்டார் மாஸ்டர். டாக்டர் மிரண்டு போனார். “பெயின்ட் இன்னும் காயல டாக்டர். கை பட்டா தடம் விழுந்துரும்.”

“சரி, சாயங்காலம் வரேன். இதுக்குப் போயி ஏன் இப்படிக் கத்தறீங்க?”

அவர் தலை மறைந்ததும் மாஸ்டர் இரும்புக் கடைக்கு ஓடினார். “ஒரு சிவப்பு மூக்கு வெட்டி அனுப்பினேனே, இருக்கா?”

கடைக்காரர் சதுரமாக நசுங்கிக் கிடந்த கட்டி ஒன்றைக் காலால் தட்டினார். “உள்ள எங்கயோ இருக்கும். நீயே வெட்டி அனுப்பிட்டு நீயே கேட்டா எப்படிப்பா? லுமேரா மூக்குதான் வேணும்னா அந்த மூலையில ஒண்ணு கெடக்கு பாரு. நியோவோடது.”

தூங்கி வழிகிற அந்தக் கண் மாஸ்டரைப் பார்த்தது. புது மூக்கு தட்ட ஒரு மாதமாவது ஆகும். சாயங்காலம் டாக்டர் வருவார். நியோ என்றால் ஜிடிக்கு ஏழு வருஷம் பின்னால். எட்டும் ஏழும் பதினைந்து. ஆகட்டும், பதினைந்தே ஆகட்டும். இருந்தால் போதும். பிள்ளை என்று ஒருத்தி இருந்தால் போதும் கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதைத் தூக்கிக் கடைக்காரரின் தள்ளுவண்டியில் போட்டார்.

தான் தட்டிய அழகான மூக்கைத் தானே பிடுங்கிப் போட்டார். நியோ சரியாக உட்காரவில்லை. இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. அதைப் பற்றி யாருக்குக் கவலை! ஜிடி எழுத்தை நெம்பி எடுத்து, கடைக்காரர் கொடுத்த நியோ எழுத்தை அழுத்தி ஒட்டினார். பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயிலில் வீட்டுக்கு ஓடினார்.

கதவைத் திறந்தவள் அவர் தோள் உயரம் இருந்தாள். கையில் கரண்டி. அதே முன்பற்கள்.

“என்னப்பா, இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க முதல்ல.”

மாஸ்டர் அவள் தலையைத் தடவினார், கன்னத்தைத் தடவினார், சிரித்தார், அழுதார். அவள் வெட்கப்பட்டுக் கையைத் தள்ளிவிட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

“அம்மாவுக்கு?” என்றார் மாஸ்டர்.

வாலு அவரையே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட மனைவி அங்கே மாலைக்குள் இருந்தாள்.

“மூணு வருஷம் ஆச்சுப்பா” என்றாள் மெதுவாக. அதிர்ந்தவள் மாதிரித் தெரியவில்லை. இதற்குமுன் பலமுறை அவருக்கு இதைச் சொல்லிப் பழகியவள் மாதிரி இருந்தாள். “தினமும் கேக்கறீங்க. கேளுங்க, பரவால்ல.”

மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். தகடு வாங்கி ஒரு மாதம் தட்டினால் ஜிடி மூக்கு வந்துவிடும். இந்தக் கைக்கு அது பெரிய காரியமில்லை. மனைவி அடுப்படியில் நின்று அவரைத் திட்டுவாள். எட்டு வயது வாலு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். பன்னிரண்டு வயதில் அம்மாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சமைக்கக் கற்று, பேதலித்துப்போன அப்பாவுக்கு மூன்று வருஷமாக ஒரே பதிலைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தப் பெண் இருக்க மாட்டாள். இருந்தாள் என்று சொல்லவும் ஆள் இருக்காது.

“ஏம்மா, அம்மா திரும்பி வந்தா நல்லாருக்கும்ல?”

“வந்தா நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே வாலு சோற்றைப் போட்டாள். “அதுக்காக நான் என்ன வேணா குடுப்பேன்ப்பா.”