நாற்பது மட்டும்

எனக்குக் கோபம் வந்தால் நான் பயந்திருக்கிறேன் என்று அர்த்தம். இதை முதலில் கண்டுபிடித்தவள் என் அக்கா. அன்று காலை பதினொரு மணிக்கு இதயப் பிரிவு நர்ஸ் போனில் கூப்பிட்டபோது நான் எரிந்து விழுந்ததும் அதனால்தான்.

"ரெண்டு பேரோட கோடு திரையில காணோம் சார். நடக்கப் போனாங்க. மூலை திரும்பினதும் போயிடுச்சு."

"பேட்டரி பார்த்தீங்களா? எது கெட்டாலும் நெட்வொர்க் தலையிலேயே கட்டுங்க!"

"புது பேட்டரி சார்." கொஞ்சம் தயங்கினார். "அதுல ஒருத்தங்க உங்க அக்கா."

அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுக்க என் பொறுப்பு. இதய ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆனவர்கள் கழுத்தில் ஒரு சின்ன மானிட்டரை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பார்கள். அது துடிப்பை வைஃபை வழியாக நர்ஸ் மேஜைத் திரைக்கு அனுப்பும். தாழ்வாரம் நடுவில் ஒரு மூலை திரும்பும். இந்தப் பக்கம் ஒரு வைஃபை பெட்டி, அந்தப் பக்கம் ஒன்று. நடப்பவர் திரும்பியதும் முதல் பெட்டி விட்டுவிடும், இரண்டாவது பிடித்துக்கொள்ளும். துடிப்பு தாறுமாறானால் மேஜையில் அலாரம் அலறும். அந்தத் தைரியத்தில்தான் நோயாளிகளைத் தனியாக நடக்க விடுகிறார்கள்.

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். மூலை பெஞ்சில், அக்காவோடு ஆபரேஷன் ஆன ஒரு லாரி டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். காணாமல் போன இன்னொரு கோடு அவர் கணவருடையது. அது தெரியாமல் போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"தம்பி, நெட்டு பிச்சிக்கிட்டு வருது! பேரனை ஆசை தீரப் பார்த்துட்டேன். நீ நல்லா இருப்பே."

காலையில் அவர்தான் இந்தப் பெஞ்சில் நெட் வரவில்லை என்று புலம்பினார். பாவமாக இருந்தது. மூலைக்கு அந்தப் பக்கப் பெட்டியில் பார்வையாளர் வைஃபையையும் போட்டுக் கொடுத்தேன். பெரிய தர்மப்பிரபு என்று நினைப்பு!

மேஜைக்குப் போனதும் நர்ஸ் எழுந்தார். "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடவா சார்?"

"திரையில இன்னும் ஆறு பேர் இருக்காங்க, நீங்க நகராதீங்க. ரெண்டு நிமிஷம்."

நான் போயிருக்கலாம். மூலைக்குப் பத்தடிதான். அக்காவைத் தரையில் கிடக்கிற கோலத்தில் பார்த்துவிடுவேனோ என்று கால் எழவில்லை. வெளியே சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை அதுதான். அவள் போனுக்கு அடித்தேன். முழு ரிங்கும் போய் நின்றது.

'யோசிடா' என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தம்மா போனில் நெட் பறக்கிறது. அப்படியென்றால் அந்தப் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. மானிட்டர் மட்டும் ஏன் ஊமையாகிவிட்டது?

சட்டென்று காலையில் நான் செய்தது நினைவுக்கு வந்தது.

வைஃபை பெட்டிக்குப் போகிற ஒரே கம்பிக்குள் எண் போட்டுப் பிரித்த பாதைகள் உண்டு, விலேன் என்போம். மானிட்டர்களுக்கு இருபது, பார்வையாளர் போன்களுக்கு நாற்பது. எந்தெந்த எண் அந்தக் கம்பியில் போகலாம் என்று, கம்பிகளெல்லாம் சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் ஒரு பட்டியல் இருக்கும். புது எண்ணைக் கொடுக்கும்போது இருப்பதோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும். இந்த மறதிக்காகவே எத்தனை பேரைக் கிழிகிழி என்று கிழித்திருக்கிறேன்!

பட்டியலைத் திறந்தேன். நாற்பது. நாற்பது மட்டும். பக்கத்தில் காலை எட்டு நாற்பது என்று நேரம், என் பெயர்.

இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை இருபது ஏறியது. நர்ஸ் மேஜைத் திரையையே பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் அக்காவின் கோடு வந்தது. எண்பத்திரண்டு, சீராக.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்தச் சொல் முடிவதற்குள் இரண்டாவது கோடு வந்தது. கோணல்மாணலாக, சிவப்பில். அலாரம் அலறியது. நர்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். டாக்டர்கள் ஓடினார்கள். தாழ்வாரக் கோடியிலிருந்த கழிவறைக் கதவை இடித்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னடா, எல்லாரும் ஓடறாங்க? உன்னைக் கேக்கலாம்னா போன் ரூம்ல கிடக்கு. ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?" அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

டிரைவரை அரை மணி நேரம் போராடி மீட்டார்கள். துடிப்பு வந்துவிட்டது, நினைவு வரவில்லை. கண் திறப்பாரா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர். கழிவறைக்குள் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் கண்டுபிடிச்சுக் குடுத்தியாமே தம்பி. நர்ஸ் சொன்னாங்க."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லம்மா. கெடுத்ததே நான்தான். காலையில உங்களுக்கு நெட் போட்டுக் குடுக்கறப்போ, அவர் மானிட்டர் போற பாதைய அழிச்சுட்டேன். அதான் அலாரம் அடிக்கல."

அறைவார் என்று நின்றேன். அறைந்திருந்தால் தேவலை. அவர் கையை விட்டுவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அதில் பேரன் பாதிச் சிரிப்பில் நின்றிருந்தான்.

"நான்தானே கேட்டேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"நான்தானே தம்பி நெட்டு வேணும்னு கேட்டேன்." போனை என் கையில் திணித்தார். "இந்த நெட்டை எடுத்துடு. எனக்கு வேணாம். எடுத்துட்டு, அவருக்குப் போட்டுடு."