நாய் இல்லாத வீடு

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பத்திரங்களைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். பூச்சி அரித்த பக்கமோ, பாட்டன் காலத்துக் கோழிக் கிறுக்கலோ, அவள் கையில் கொடுத்தால் போதும், கடகடவென்று வாசித்துவிடுவாள். அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. அதனால்தான் தம்பி வம்சப் படம் ஒன்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகவும், தாத்தா இறந்த தேதி மட்டும் கிடைக்கவில்லை என்றும் சொன்னபோது, "ஒரு வாரம் குடு, கொண்டு வர்றேன்" என்று மார்தட்டிவிட்டு வந்தாள்.

அப்பாவைப் பெற்ற தாத்தா அவர். வரப்புத் தகராறில் ஒருவனை மண்வெட்டியால் அடித்துவிட்டார், அவன் செத்துப்போனான், இவருக்கு ஆயுள் தண்டனை. உள்ளே போன மூன்றாம் வருடமே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று அப்பா சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆகவே யாரும் கேட்கவில்லை. அப்பா போயே பத்து வருடம் ஆகிறது.

ஒரு வாரம் ஏழு மாதமாயிற்று. ஆவணக் காப்பகத்தில் அந்தச் சிறையின் மரணப் பேரேடு நான்கு தொகுதி. மூன்றாம் வருடத்தில் தாத்தா இல்லை. முன்னும் பின்னும் புரட்டினாள், முதலிலிருந்து இன்னொரு முறை புரட்டினாள். தூசியில் சதா தும்மிக்கொண்டே இருக்கும் காப்பகக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"அம்மா, செத்தவங்க பேரேட்டுல இல்லன்னா ஆள் அங்க சாகலைன்னுதானே அர்த்தம்? விடுதலைப் பேரேட்டையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

"அப்போ எங்கப்பா பொய் சொன்னாருங்கறீங்களா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள்.

வாய்ச்சொல்லை நம்பாதே, ஏட்டைப் பார் என்று அலுவலகத்தில் ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தவள்தான். சொந்த விஷயம் என்று வந்ததும் வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இன்னும் ஒரு மாதம் வீம்புக்கு இழுத்தடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் விடுதலைப் பேரேட்டைக் கேட்டு வாங்கினாள். தண்டனையின் பத்தொன்பதாவது வருடத்தில் தாத்தா இருந்தார்.

பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, குற்றமும் சரி. சிறையில் பழகிய தொழில்: தோட்ட வேலை. செல்லுமிடம்: மகன் வீடு. அதற்குக் கீழே, அவள் பிறந்து வளர்ந்த தெருவும் கதவிலக்கமும். அங்க அடையாளம் என்ற கட்டத்தில், இடது காதில் கீழ்ப்பாதி இல்லை என்று எழுதியிருந்தது. அங்கே அவள் விரல் நின்றுவிட்டது.

இடது காதில் பாதி இல்லாத ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். அவள் குடும்பத்தில் எல்லோருக்குமே தெரியும். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு மத்தியானம் கதவைத் தட்டியவன். கையில் துணி மூட்டை. "சின்னவன் இருக்கானாம்மா?" என்று கேட்டான். கதவுக்குப் பின்னால் அப்பா உதட்டில் விரலை வைத்தபடி நின்றார். "அப்படி யாரும் இங்க இல்ல" என்றாள் அவள். ஆள் நகரவில்லை. உடனே, யாரும் சொல்லித்தராமலே, "போறியா, நாயை அவுத்து விடட்டுமா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அந்த வீட்டில் நாயே கிடையாது. ஆள் போய்விட்டான். அப்பா அவள் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார்.

அன்றிலிருந்து அது குடும்பத்தின் ஆஸ்தான நகைச்சுவை. அப்போது கைக்குழந்தையாக இருந்த தம்பி, அவள் சொல்லிச் சொல்லியே, காதறுந்தவனாக நடிக்கத் தேறிவிட்டான். அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசையைத் தட்டுவான், இவள் இல்லாத நாயை அவிழ்ப்பாள், பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் நடிக்கும்போதெல்லாம் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். அவருக்கு நகைச்சுவை உணர்வு போதாது என்று அவள் கிண்டல் வேறு செய்திருக்கிறாள்.

குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் வேறொரு மையில் நான்கு வரி இருந்தது. 'விடுதலையான மூன்றாம் நாள் சிறை வாயிலுக்குத் திரும்பி வந்தார். மகன் வீட்டில் ஒரு சிறுமி, அப்படி யாரும் இல்லை என்றும் நாயை அவிழ்த்துவிடுவதாகவும் சொன்னதாகக் கூறினார். தோட்டத்தில் கூலியில்லாமல் வேலை கேட்டார். விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டார்.'

"கிடைச்சுதாம்மா?" என்று காப்பகக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று அந்த வரிகளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். பொய் அப்பாவுடையதுதான், ஆனால் நாய் அவளுடையது. அதை அறுபது வருடமாக ஊட்டி வளர்த்தவளும் அவள்தான். நகல் விண்ணப்பத்தில் 'கைதிக்கு உறவு' என்ற இடத்தில் பேத்தி என்று எழுதுவதற்குள், எத்தனையோ பத்திரம் பதிந்த கை இரண்டு தாளைப் பாழாக்கியது. எழுதிக்கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நகலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நகல் அவள் கைப்பையில் இருந்தது.

"என்னக்கா, பூதக்கண்ணாடிக்கே பூச்சி பறக்குதா? தேதி எங்க?" என்றான் தம்பி.

"தேதி கிடைக்கலடா" என்றாள். அது உண்மைதான். சிறை வாயிலிலிருந்து அவரை அனுப்பியவர்கள் அதற்குப் பிறகு எதையும் எழுதவில்லை. மிச்சத்தைச் சொல்லக் கைப்பையைத் திறந்தாள், நகலை எடுக்காமலே மூடினாள்.

அதற்குள் பேத்திகள் பிடித்துக்கொண்டார்கள். "காதறுந்தவன் கதை! காதறுந்தவன் கதை!"

தம்பி ஒரு துண்டை மூட்டையாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினான். இடது காதைப் பொத்திக்கொண்டு, முதுகைக் கூனி, மேசையை மூன்று தட்டுத் தட்டினான்.

"சின்னவன் இருக்கானாம்மா?"

நாய் வரப்போகும் இடம் என்று குழந்தைகள் இப்போதே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"இருக்காரு தாத்தா" என்றாள். "கதவுக்குப் பின்னாடிதான் நிக்கறாரு. நீங்க உள்ள வாங்க. எங்க வீட்டுல நாயே கிடையாது."

தம்பி காதிலிருந்து கையை எடுத்தான்.